வலப்பக்க ஒத்திகை

"வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா சாரே?"

கேட்டவர் டவுன் பஸ் டிரைவர். கேட்கப்பட்டவர் ரவிச்சந்திரன். பஸ்ஸின் மூக்குக்கும் புல்லட்டின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் மல்லிகைப் பூவை நீட்டி வைக்கலாம். அவ்வளவுதான் இடம் இருந்தது.

"சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் ரவிச்சந்திரன்.

பொய்யில்லை. காலை ஐந்தரைக்கு மனைவி வசுமதியை எழுப்பி, "திருக்கழுக்குன்றம் ரோட்டுல ராங் சைடுல ஒரு பத்து கிலோமீட்டர் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். தூக்கக் கலக்கத்தில் அவள், "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையில் முழு ஹெல்மெட். உடம்பில் ஒளிரும் பச்சை ஜாக்கெட். கையுறை, முழங்கால் கவசம். வலது ஹேண்டில்பாரில் மட்டும் ஒரு சிவப்பு ரிப்பன். குடித்தவர் மாதிரியும் தெரியவில்லை.

"ராங்ல வர்றவன் எவனும் ஹெல்மெட்டு போட்டு நான் பாத்ததில்லப்பா" என்று கண்டக்டரிடம் அதிர்ச்சியோடு சொல்லிவிட்டு, பஸ்ஸை ஒடித்து விலக்கிக்கொண்டு போனார். ரவிச்சந்திரன் அசையாமல் வலப்பக்கமே நின்றார். பயம் இருந்தது. ஆனால் இடப்பக்கம் ஒதுங்கவில்லை என்ற பெருமை பயத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

ரவிச்சந்திரன் முப்பத்திரண்டு வருடமாகக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். அங்கே ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்யமாட்டார்கள். நல்ல பழக்கம்தான். இவர் அதை டவுன்ஷிப் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மகன் இனியன் எல்.கே.ஜி. சேருவதற்கு முன்னால் ஐந்து நாள் அவனுக்குச் சீருடை மாட்டி, பள்ளி வாசல்வரை கூட்டிப்போய், டாட்டா காட்டித் திரும்பக் கூட்டிவந்தார். ஆறாம் நாள் நிஜமாகவே உள்ளே விட்டபோது, இதுவும் ஒத்திகைதான் என்று நினைத்துப் பிள்ளை அழவேயில்லை. சாயங்காலம்வரை யாரும் வராமல் போனதும் மொத்தமாகச் சேர்த்து அழுதது.

அந்தப் பிள்ளைதான் இப்போது அயர்லாந்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான்.

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் இனியன் ஒரு பைக் கேட்டான். ரவிச்சந்திரன் மறுக்கவில்லை. ஒரு ஆல்பத்தை எடுத்து நீட்டினார். முழுக்க விபத்துப் படங்கள். இனியன் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினான், ஆனால் அம்மா போனில் இருக்கும்போது "அப்பாவைக் கேட்டதாச் சொல்லு" என்கிற அளவுக்குத்தான்.

அவன் போன மாதம் அப்பாவை நேராகவே கூப்பிட்டான்.

"அப்பா, ஜூன்ல வாங்க. ரெண்டு பைக் வாடகைக்கு எடுத்துருக்கேன். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. மேற்குக் கடலோரமா ஆறு நாள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நடுவுல ஆடுங்கதான் டிராஃபிக்."

இனியன் பிறந்த வாரம்தான் ரவிச்சந்திரன் தன்னுடைய யெஸ்டி பைக்கை விற்றிருந்தார், குழந்தைக்கு அப்பா வேண்டும் என்பதற்காக. அது அவனுக்குத் தெரியாது. அவன் பின்னால் திரும்பித் திரும்பி, கிழவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டே ஓட்டும்படி வைக்கக் கூடாது. பக்கத்தில் போக வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ரோடு எப்படிடா இருக்கும்?"

"நீங்க புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம்ப்பா. வந்து வண்டியில உக்காந்தாப் போதும்."

போனை வைத்ததும் வசுமதியிடம் சொன்னார். "பாத்தியா, இனிமே இவருக்குப் புதுசா எங்க வரப்போகுதுன்னு நினைக்கிறான்."

அவன் அனுப்பிய வீடியோக்களில் கடல் இருந்தது, ஆடு இருந்தது. சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான், நடுவில் புல் முளைத்திருந்தது. அதில் எந்தப் பக்கம் போவது என்று ஆடுகளுக்கே தெரியவில்லை. எனவே ரவிச்சந்திரன் அடுத்த வீட்டு ராகவனிடம் போனார்.

ராகவன் ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் ஒரு ஆற்றங்கரை ஓரமாக எட்டு நாள் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தவர். அது நடந்து மூன்று வருடம் ஆகியும் அந்தச் சைக்கிளிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

"எட்டு நாள்ல ஒரு ஹாரன் கேக்கல ரவி. ஒரு கார் மூணு கிலோமீட்டர் என் பின்னாடியே வருது. ஒதுங்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கே கூச்சமாப் போச்சு, இறங்கி வழி விட்டா, அந்தம்மா கண்ணாடியை இறக்கி நன்றி சொல்லிட்டுப் போறா. காத்து வாசனையா இருக்கு. மிதிக்க மிதிக்க வயசு குறையுது." ராகவன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா முதல் நாள் செத்திருப்பேன். மூளைக்கு ரைட்டுன்னு தெரியும். காலுக்குத் தெரியல. அது லெஃப்ட்டுக்கே போகுது. எதிர்ல ஒரு டிராம்."

"ஐரோப்பா முழுக்க ரைட்தானா?"

"யூரோப்னாலே ரைட்டுதானே ரவி."

அன்று இரவு ரவிச்சந்திரன் தூங்கவில்லை. மறுநாள் ராகவனின் புல்லட்டை இரவல் வாங்கினார். கிளம்ப நாற்பத்தாறு நாள் இருந்தது.

இப்போது பஸ்ஸிடமிருந்து தப்பித்தவர் திருக்கழுக்குன்றம் நோக்கி வலப்பக்கமாகவே வண்டியை விட்டார். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வேன் வேனாக ஜனம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தவருக்குத் திக்கென்றது. அவருக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ அவரைப் போலவே வலப்பக்கம் வந்தது. அதன் பின்னால் பால் வண்டி. அதன் பின்னால் மூன்று வேன்.

"முன்னால பச்ச சட்ட போட்டுகினு ஆபீசர் ஒருத்தர் போறாரு, பாலம் வேல நடக்குது போல, எல்லாம் இந்தாண்ட வா" என்று ஷேர் ஆட்டோக்காரர் பின்னால் திரும்பிக் கத்துவது காதில் விழுந்தது.

எதிரே வந்தவர்கள் என்ன செய்வார்கள்? இந்தப் பக்கம் நிரம்பிவிட்டது என்று அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் செங்கல்பட்டு மாவட்டம் அசல் ஐரோப்பா ஆகிவிட்டது. எல்லாரும் வலம், எல்லாரும் ஒழுங்கு. ரவிச்சந்திரனுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளிநாட்டுச் சாலையின் சுகம் என்று ராகவன் சொன்னது இதுதான் போலிருக்கிறது.

ஊர் எல்லையில் ஐரோப்பா முடிந்தது. அங்கே வழக்கம்போல் இடப்பக்கம் வந்துகொண்டிருந்த ஊரும், இவர் அழைத்து வந்த ஊரும் நேருக்கு நேர் முட்டி நின்றன. நாற்பது நிமிடம் ஒரு சைக்கிள்கூட நகரவில்லை.

போக்குவரத்து எஸ்.ஐ. சுஜாதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

"யாருங்க இந்த டைவர்ஷன் போட்டது?"

நாற்பது விரல்கள் ரவிச்சந்திரனைக் காட்டின. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். சுஜாதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சார், போன வருஷம் எங்களுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"'இடப்பக்கம் செல்வதே உயிர்ப்பக்கம்'னு நோட்டுல எழுதச் சொன்னீங்களே சார்."

"ஒத்திகைம்மா" என்று தொடங்கி ரவிச்சந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். வெளிநாடு, மகன், காலுக்குத் தெரியாதது எல்லாம். சுஜாதா பன்னிரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ சாக்குகள் கேட்டவர். இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மலை உச்சிக் கோவிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வகுப்பெடுத்தவர்னு விடறேன் சார். இனி பொது ரோட்டுல பாத்தா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா உங்க வெளிநாட்டு லைசென்ஸும் போயிடும்."

திரும்பும் வழியில், அனுபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இளநீர் விற்கும் வேண்டா என்பவளிடம் வண்டியை நிறுத்தினார். வேண்டா காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"நைட் டூட்டியா கண்ணு? சாப்டியா? சரி சரி, வை, கிராக்கி வந்துகீது." போனை இடுப்பில் செருகினாள். "இன்னா சார், காலைல அந்தாண்ட பக்கமா போன? பாத்துகினே இருந்தேன், பக்குனு ஆயிடுச்சி."

"ஃபாரின் போறேன்மா. அங்க எல்லாம் வலது பக்கம்தான் போகணும். பழகறேன்."

"எந்த ஊரு ஃபாரினு?"

ரவிச்சந்திரன் புன்னகைத்தார். அரிவாளையும் புளியமரத்தையும் வேண்டாவையும் ஒரு முறை பார்த்தார். "சொன்னா உனக்குப் புரியாதும்மா. ரொம்ப தூரம்."

வேண்டா வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தாள்.

பொது ரோடு கூடாது என்றால் பொதுவல்லாத ரோடு வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. வயலை அழித்து, தோரண வாயில் கட்டி, தார் ரோடு போட்டு, ஒரு வீடுகூட இல்லாமல் கிடக்கும் மனைப் பிரிவுகள் எத்தனையோ. அப்படி ஒன்றில் ரவிச்சந்திரன் தினமும் ஆபீஸ் முடிந்ததும் ஒரு மணி நேரம் வலப்பக்கம் ஓட்டினார். மூன்றாம் வாரம் கால் சொன்னபடி கேட்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. வேனிலிருந்து இறங்கிய புரோக்கர் ஜெயக்குமார் இவரைக் கண்டதும் ஒரு நொடிதான் திகைத்தார்.

"பாருங்க சார், ஃபாரின் பார்ட்டி. பழக்கம் விடல, ரைட்லயே ஓட்டறாரு. இங்க வாங்கறது எல்லாம் இந்த மாதிரி ஆளுங்கதான்."

அன்றே மூன்று மனை விற்றது. மறுநாள் ஜெயக்குமார் இவருக்காகக் காத்திருந்தார்.

"அண்ணாத்த, டெய்லி வா. ஒரு தொப்பி வாங்கித் தர்றேன், போட்டுக்க. கூட ஒரு நாய் இருந்தா நல்லாருக்கும்."

"நான் ஃபாரின் பார்ட்டி இல்லைப்பா. கல்பாக்கம்."

"அத்த நீ ஏன் வாயத் தொறந்து சொல்ற?"

அடுத்த வாரம் அங்கே நான்கு வேன் நின்றது. இவரைப் பார்த்துவிட்டு, இந்த லேஅவுட்டில் வலப்பக்கம்தான் போக வேண்டும் போலிருக்கிறது என்று வேன்களும் வலப்பக்கம் போயின. பழகுவதற்கு அது வசதிதான். ஆனால் மோசடிக்குத் துணை போகிறோமே என்று மனது உறுத்தியது. ரவிச்சந்திரன் அந்தப் பக்கம் போவதை விட்டார்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. ரவுண்டானா. வலப்பக்க நாட்டில் ரவுண்டானாவை நம் ஊர் மாதிரி கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றக் கூடாது, எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்று ராகவன் எச்சரித்திருந்தார். ரவுண்டானாவுக்கு எங்கே போவது?

வசுமதி அவரைச் சனிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். அங்கே நவகிரக சன்னிதியைக் கண்டதும் ரவிச்சந்திரனின் கண் பளிச்சென்றது. நடுவில் மேடை, சுற்றிலும் வழி, நாலா பக்கமும் நுழைவு. ஒன்பது பேர் வேறு நின்று கண்காணிக்கிறார்கள்.

அவர் கையைக் கூப்பிக்கொண்டு எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தார். ஒழுங்காகச் சுற்றி வந்த ஓர் அம்மாள் அவர்மேல் மோதி, "ஐயோ, அப்பிரதட்சிணம்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குருக்கள் தீபாராதனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?" வசுமதி பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"ராகு கேதுவுக்கு ரெண்டு சுத்து இப்படித்தானே சுத்துவாங்க?"

"ரெண்டு. நீங்க பதினேழாவது போய்க்கிட்டிருக்கீங்க."

பதினெட்டாவது சுற்றில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். விசா வந்துவிட்டது. சந்தோஷத்தில் அதை உரக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கோவிலில் நவகிரகத்தைச் சுற்றி முப்பது பேர். எல்லாரும் எதிர்த்திசையில். சிலர் கையில் பாஸ்போர்ட். குருக்கள் ரவிச்சந்திரனைத் தனியாக அழைத்தார்.

"சார், நீங்க தயவுசெஞ்சு ஊருக்குப் போய்ச் சேருங்கோ. சனி பகவானே பயந்து போயிருக்கார்."

ஆனாலும் ஒத்திகை வீண் போகவில்லை. ஆபீஸ் நடைபாதையில் வலப்பக்கம் நடந்து இயக்குநரின் காபியைத் தட்டிவிட்டார். கடிகாரம் வலது கைக்கு மாறியது. படியில், சந்தையில், கடற்கரையில் எங்கும் வலம். இருந்தும் அவருக்குத் திருப்தியில்லை. "நினைச்சு நினைச்சுத்தான் வசு போறேன். நினைக்காம போகணும்."

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் அது நடந்தது. அயர்லாந்துக்கு எடுத்துப்போக முறுக்கும் பொடியும் வாங்கிக்கொண்டு, வசுமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து காரில் வந்தார். இனியனுக்குப் பிடித்த ஊறுகாயை மறந்துவிட்டோமே என்று பேசியபடி ஒரு திருப்பத்தில் திரும்பினார். பேச்சை அவரே தொடர்ந்துகொண்டிருந்தார். வசுமதி இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு மணல் லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது.

லாரிதான் விலகியது. வேப்பமரத்தடியில் இறங்கி நின்றது. கார் நின்றதும் வசுமதி கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரவிச்சந்திரனின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

"வந்துடுச்சு வசு. நினைக்கவேயில்ல. ஊறுகாயைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தானா வந்துடுச்சு. இனிமே நானே நினைச்சாலும் லெஃப்ட் வராது."

"சாவியைக் குடுங்க" என்றாள் வசுமதி. அன்றிலிருந்து அவள்தான் ஓட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள். திருக்கழுக்குன்றத்தில் அர்ச்சனை முடித்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். காரில் பயணப் பைகூட ஏற்றியாகிவிட்டது, எடை பார்க்கும் ஒத்திகைக்காக. புளியமரம் வந்ததும் ரவிச்சந்திரன் நிறுத்தச் சொன்னார். மனது நிறைந்திருந்தது. காலையில் இனியன் பேசியிருந்தான். "அப்பா, முதல் நாள் நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன். நீங்க பைக் ஓட்டி நான் பாத்ததே இல்லையே." அதை அவர் நான்கு தடவை வசுமதியிடம் சொல்லியாகிவிட்டது.

வேண்டா இரண்டு காய் சீவினாள்.

"இன்னா சார், இப்பல்லாம் அம்மாதான் வண்டி ஓட்றாங்க? பழகி முட்ச்சிட்டியா?"

"முடிச்சாச்சும்மா. நாளைக்கு ஃபிளைட். இந்தக் கையும் காலும் இனிமே செத்தாலும் இடப்பக்கம் போகாது."

"கெட்டிக்காரந்தான் சார் நீ. இந்த வயசுல எவன் இம்மாம் பாடுபடுவான்?" வேண்டா இளநீரை நீட்டினாள். "நல்லபடியா போயிட்டு வா. அப்பவும் கேட்டேன், நீ சொல்லல. எந்த ஊரு சார் அது?"

இன்று யாரிடமும் மறைக்கத் தோன்றவில்லை. "அயர்லாந்து" என்றார்.

வேண்டாவின் கையில் அரிவாள் அப்படியே நின்றது. அவள் ரவிச்சந்திரனைப் பார்த்தாள். பிறகு காருக்குள் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு வசுமதியைப் பார்த்தாள், துக்க வீட்டில் பார்ப்பது மாதிரி.

"மொத நாளே இந்தப் பேர சொல்லக் கூடாதா சார்? எம் பொண்ணு அங்கதான் நர்சா கீது. போன வருசம் அதும் பேறுகாலத்துக்குப் போயி மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். அங்கயும் நம்மள மாறி லெப்ட்லதான் சார் போறாங்க."